ஒரு தாலுகா, ஒரு பார்ட்னர்

ஜூன் 2, திங்கள்

நீலமுகுட் ரூஃபிங் கம்பெனி கொடுத்த டைரி இது. அட்டையில் நீலக் கூரையும் அதன்மேல் ஒரு கிரீடமும் போட்டிருக்கிறார்கள். 'வளரும் வியாபாரி தினமும் எழுதுவார்' என்று கம்பெனிக்காரர்கள் சொல்வதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு எழுத என்ன இருக்கிறது? காலையில் கடையைத் திறக்கிறேன், இருட்டியதும் பூட்டுகிறேன். நடுவில் வள்ளியூர்க் காற்று அடிக்கிறது. காற்று நாலு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனால் நாலு பேர் என் கடைக்கு வருவார்கள். ஊரான் வீட்டுச் சேதத்தில் சாப்பிடுகிறவன் என்று வடிவு என்னைச் சொல்வாள். வடிவு என் மனைவி. அவளும் அதைத்தான் சாப்பிடுகிறாள்.

விஷயம் இதுதான். ஏரியா மேனேஜர் பிரணவ் இன்று வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும், ஆனால் உட்காரும் தோரணை மந்திரியுடையது. கம்பெனி புதுத் திட்டம் கொண்டுவருகிறதாம், 'ஒரு தாலுகா, ஒரு பார்ட்னர்'. ஆகஸ்ட் முதல் தாலுகாவில் ஒரே ஒரு கடைக்குத்தான் சரக்கு தருவார்கள். அந்தக் கடைக்காரர் செல்போனில் பாடம் படித்துப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். கடையில் வேறு கம்பெனி ஷீட் வைத்திருக்கக் கூடாது. வந்து தணிக்கை செய்வார்கள்.

இன்றைக்குக் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நீலமுகுட்தான் கேட்கிறார்கள். வாரண்டி அட்டை இல்லாத ஷீட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தச் சரக்கு நின்றுபோனால் என் 'ஆவுடைநாயகி ஸ்டீல்ஸ்' ஆறு மாதம் தாங்காது. இந்த வயதில் எனக்கு வேறு தொழில் தெரியாது, கற்றுக்கொள்ளும் பொறுமையும் கிடையாது. ஆக, பார்ட்னர் ஆகியே தீர வேண்டும்.

"உங்களைத்தான் சார் மனசுல வச்சிருக்கேன்" என்றார் பிரணவ். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் வந்து பார்த்தேன். அவருடைய பைக் எதிர்க்கடை வாசலில் நின்றது. நிழலுக்காக நிறுத்தியிருக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

எதிர்க்கடையைப் பற்றி எழுத வேண்டும். 'கிருபை டிரேடர்ஸ்', முதலாளி ஏசுவடியான். அவரும் கூரை ஷீட்தான் விற்கிறார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். போட்டிக் கடை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. என்னிடம் இல்லாத சரக்கை யாராவது கேட்டால், "குடோன்ல இருக்கு, டீ குடிங்க" என்று உட்கார வைத்துவிட்டு, சுமைக்காரர் சுடலையை எதிர்க்கடைக்கு அனுப்புவேன். அவரும் அப்படித்தான். அவருக்கு நான் குடோன், எனக்கு அவர் குடோன். வாரக் கடைசியில் பண்டத்துக்குப் பண்டம் நேர் செய்துகொள்வோம். இத்தனை வருடத்தில் ஒரு வாய்ச்சண்டை வந்ததில்லை.

ஏசுவடியான் சர்ச்சில் பொறுப்பில் இருக்கிறார். பொய் சொல்ல மாட்டார். வியாபாரத்தில் அது ஒரு குறைதான். "இந்தக் கலர் மங்குமா?" என்று கேட்டால், "மங்கும்" என்பார். "துரு ஏறுமா?" என்றால், "ஏறும், கொஞ்சம் மெதுவா ஏறும்" என்பார். நானும் பொய் சொல்லுகிறவன் இல்லை. ஆனால் கேட்காததைச் சொல்வதும் இல்லை.

பாடம் தொடங்கிவிட்டது. செல்போனை மேஜையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிக் கேட்கிறேன். ஒரு பெண் குரல் 'வணக்கம், கூரை ஆலோசகரே' என்று ஆரம்பிக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

வடிவு வாசலில் நின்று காது கொடுத்துவிட்டுச் சொன்னாள், "எதிர்க்கடையிலயும் இதே பொம்பள பேசுதாளே."

எதிரொலி என்றேன்.

ஜூன் 9, திங்கள்

இரண்டாம் பாடம், காற்றின் மேலிழுவிசை. வடிவுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் முன்னாலேயே புரிந்துகொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

நல்ல காற்று. பழவூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக் கூரை அப்படியே பறந்துபோய்ப் பனங்காட்டில் விழுந்ததாம். பண்ணைக்காரர் எங்கள் ரெண்டு கடைக்கும் நடுவில் நின்று எங்கே நுழைவது என்று யோசித்தார். ஏசுவடியான் அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஓரத்துலயும் மூலையிலயும்தான் மேலிழுவிசை ஜாஸ்தி. அங்கன ஸ்க்ரூவ நெருக்கிப் போடணும் பாத்துக்கிடுங்க."

மேலிழுவிசை என்றார். என் செல்போனின் சத்தம் ரோட்டைத் தாண்டிப் போய் அவருக்கும் ஞானம் கொடுத்திருக்கிறது. அறிவு பரவட்டும், நான் தடுக்கிறவன் இல்லை. அவர் புது ஷூ வாங்கியிருக்கிறார். சர்ச்சில் ஏதோ விசேஷம் போல.

ஜூன் 18, புதன்

பரீட்சை. செல்போன் கேமரா நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். அக்கம்பக்கம் திரும்பக் கூடாது. நான் திரும்பவில்லை, ஆடாமல் அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெள்ளெழுத்து, அதனால் வடிவு மேஜைக்குக் கீழே உட்கார்ந்து, கையை மட்டும் மேலே நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். கேள்வியை அந்தப் பெண் குரலே வாசித்துவிடுகிறது. நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் அவள் அமுக்கிவிட்டாள் என்பது உண்மைதான். ஆனால் நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தொன்று. அறுபது எடுத்தால் பாஸ்.

"ஒரு நாலு கேள்வியில நீங்க முழங்கால வச்சு இடிச்சதுல மாத்தி அமுக்கிட்டேன்" என்கிறாள். போகட்டும். சான்று பெற்ற கூரை ஆலோசகர், கு. சிதம்பரலிங்கம். சொல்லிப் பார்த்தால் வாய் நிறைகிறது.

ஜூன் 21, சனி

அடுத்தது உறுதிமொழி. பிரணவ் வாசித்துக் காட்டினார், 'எனக்குச் சொந்தமான வேற்று நிறுவனச் சரக்கு எதுவும் என் கடையில் இல்லை.' இதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை தணிக்கைக்கு வருகிறார்கள்.

என்னிடம் வேறு கம்பெனி ஷீட் பின்கட்டு நிறையக் கிடக்கிறது. அடிமாட்டு விலைக்குத் தள்ள மனசு வரவில்லை. வைத்துக்கொண்டு பொய்க் கையெழுத்துப் போடவும் என்னால் ஆகாது. எனக்குச் சாமி பயம் உண்டு. யோசித்து ஒரு நேர்மையான வழி கண்டுபிடித்தேன். சரக்கு எதிர்க்கடையில் இருந்தால் அது என் கடையில் இல்லை. கையெழுத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

ஏசுவடியானிடம் போய், "வேய், பின்கட்டுக்கு வெள்ளையடிக்கப் போறேன். என் ஷீட்டு ஒரு வாரம் உம்ம இடத்துல கிடக்கட்டும்" என்றேன்.

அவர் தன் பின்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, "அதுக்கென்ன அண்ணாச்சி, கொண்டாங்க" என்றார்.

சுடலை சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் கடத்திவிட்டார். வெள்ளையடிப்பதாகச் சொல்லிவிட்டதால் ஒரு சுவருக்கு மட்டும் அடித்தேன். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது.

ஜூன் 23, திங்கள்

காலையில் ஏசுவடியான் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, என் பின்கட்டுக்குச் சிமெண்டுத் தளம் போடலாம்னு இருக்கேன். உங்க சரக்கு சுவரோரமா இருக்கு, அதால தொந்தரவு இல்ல. என்னுதுதான் நடுவுல கிடக்கு. உங்க பின்கட்டு காலியாத்தான இருக்கு, ஒரு வாரத்துக்குப் போட்டுக்கிடலாமா?"

எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்? நேற்று முன்தினம்தான் அவர் இடத்தை அடைத்திருக்கிறேன். உறுதிமொழியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'எனக்குச் சொந்தமான' என்றுதான் இருக்கிறது. இது எனக்குச் சொந்தமில்லை. போடுங்க என்றேன்.

சுடலை மறுபடி சுமந்தார். "ரெண்டு முதலாளியும் சொல்லி வச்சுக்கிட்டு என்னக் கொல்லுதிய" என்றார். "அங்கயிருந்து இங்க வாரதும் இங்கயிருந்து அங்க போறதும் ஒண்ணுபோலத்தான இருக்கு. அப்படியே விட்டிருந்தா என்ன?"

அவருக்கு நேர்மையின் நுணுக்கம் தெரியாது. ஷீட்டுகளின்மேல் தார்ப்பாய் போட்டு மூடினேன். எதிரே ஏசுவடியான் உண்மையாகவே தளம் போட்டிருக்கிறார், ஒரு கட்டில் போடும் அளவுக்கு.

ஜூன் 26, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிரணவும், புனேயிலிருந்து வந்த தணிக்கை அதிகாரியும் பதினோரு மணிக்கு வந்தார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பேசாமல் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முன்கடை சுத்தம். போர்டு சுத்தம். என் நீலச் சட்டைகூட அவருக்குப் பிடித்திருந்தது போல் இருந்தது. பின்கட்டுக்குப் போனார். வெள்ளையடித்த சுவரைப் பார்த்தார், அடிக்காத மூன்று சுவர்களையும் பார்த்தார். பிறகு தார்ப்பாயைத் தூக்கினார்.

மூன்று கம்பெனி ஷீட், அடுக்கடுக்காக.

"சார், இது யாருது?" என்றார் பிரணவ். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"எதிர்க்கடை ஏசுவடியானுது. எனக்குச் சொந்தமில்ல. ஆவுடைநாயகி சத்தியமா."

சொன்னது உண்மை. என் சத்தியத்தில் ஒரு பழுதும் இல்லை. பிரணவ் அதை அதிகாரியிடம் இந்தியில் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்ன மாதிரி இருந்தது. அதிகாரி தலையை ஆட்டினார்.

"சரி, அடுத்து அங்கதான் போறோம்" என்றார் பிரணவ்.

"எங்க?"

"எதிர்க்கடைக்கு. அவரும் அப்ளை பண்ணியிருக்காரே சார், உங்களுக்குத் தெரியாதா?"

புது ஷூ, மேலிழுவிசை, நிழலில் நின்ற பைக் எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. இத்தனை வருடப் பழக்கம், எனக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பரீட்சை எழுதியிருக்கிறார். (நானும் அவரிடம் சொல்லவில்லைதான். ஆனால் நான் சொல்லாதது வேறு.) என் சரக்கு அவர் பின்கட்டில் கிடக்கிறது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. அவர் பொய் சொல்ல மாட்டார். 'இது அண்ணாச்சியுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கையெழுத்தும் போச்சு, பார்ட்னர் பதவியும் போச்சு.

கடை வாசலில் நின்று பார்த்தேன். அவர்கள் பின்கட்டுக்குப் போய்த் திரும்பி முன்கடைக்கு வந்தார்கள். ஏசுவடியானும் நீலச் சட்டை போட்டிருந்தார். பிரணவ் ஏதோ கேட்டார். ஏசுவடியான் என் கடைப் பக்கம் கையை நீட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். மறுபடி பின்கட்டைக் காட்டினார், மறுபடி நெஞ்சைத் தொட்டார்.

நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்து என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். சாப்பிடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

அவர் ஷீட்டுகளைச் சுடலையிடம் திருப்பி அனுப்பினேன். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. மதியம் என் சரக்கு வந்து சேர்ந்தது. ஒரு ஷீட்டில்கூடக் கீறல் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதனால்தான் இவ்வளவு கவனம்.

ஜூலை 1, செவ்வாய்

டீக்கடையில் ஏசுவடியான் "அண்ணாச்சி" என்றார். நான் காதில் விழாத மாதிரி பேப்பர் படித்தேன். பேப்பர் தலைகீழாக இருந்தது என்று டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

வடிவு என்னோடு சண்டை. "அவ்வோ சொன்னத நீங்க கேட்டியளா?" என்கிறாள். கண்ணால் பார்த்தேன் என்றேன். "கண்ணால கேட்ட மொதல் ஆளு நீங்கதான்" என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

பிரணவ் போன் செய்தார். தாலுகாவின் ஒரே பார்ட்னர் ஆவுடைநாயகி ஸ்டீல்ஸ். அவர் சொன்னதை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பூக்கடைக்குப் போய் சாமி படத்துக்கு மாலை வாங்கிவந்தேன். உண்மை சொன்னவனை ஆவுடைநாயகி கைவிடவில்லை. காட்டிக்கொடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எதிர்க்கடையைப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தார், சாதாரணமாகத்தான் இருந்தார்.

ஜூலை 19, சனி

மதுரையில் ஓட்டலில் விழா. எல்லாத் தாலுகாப் பார்ட்னர்களும் நீலக் கோட்டில் நின்றோம். தைத்த கோட் இல்லை, வாடகைக் கோட். எனக்குக் கை நீளம், வடிவு ஊசி போட்டு மடித்துவிட்டாள். வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தோம். எனக்குச் சான்றிதழோடு ஒரு கண்ணாடிக் கேடயமும் கொடுத்தார்கள். அதில் 'நேர்மை' என்று பொறித்திருக்கிறது. மண்டலத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அது. தணிக்கையில் தயங்காமல் உண்மை சொன்னதற்காகவாம். கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைப்பானேன்.

சாப்பாட்டு மேஜையில் பிரணவ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குஷியாக இருந்தார்.

"ஒரு விஷயம் சொல்றேன் சார், மனசுல வச்சுக்காதீங்க. முதல்ல எங்க லிஸ்ட்ல மேல இருந்தது உங்க எதிர்க்கடைக்காரர்தான். தொண்ணூத்திரண்டு மார்க். மண்டலத்துலயே அதான் டாப். 'நீங்கதான் பார்ட்னரா வருவீங்க'ன்னு அவருக்கு அப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டேன். கடைசியில பாருங்க, ரெண்டு இடத்துலயும் சரக்கப் பதுக்கி வச்சுட்டாரு."

"ரெண்டு இடத்துலயா?"

"ஆமா சார். உங்க பின்கட்டுல கிடக்கிறது அவரோடதுன்னு நீங்க சொன்னீங்களே, அது நிஜமான்னு அவர்கிட்ட கேட்டேன். 'அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாரு. அப்ப இங்க கிடக்கிறது யாருதுன்னேன். கொஞ்சம் யோசிச்சாரு. 'இதுவும் என்னுதுதான், அதுவும் என்னுதுதான்'னுட்டாரு. அப்படிப்பட்ட ஆளை எப்படி சார் பார்ட்னரா போட முடியும்?"

இலையில் ஜாங்கிரி வைத்தார்கள். நான் சாப்பிட்டேன். என்ன ருசி என்று தெரியவில்லை. எதிரே வடிவு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வள்ளியூர் வரும்வரை கேடயம் அவள் மடியில்தான் இருந்தது. இறங்கும்போது அதை என் கையில் கொடுத்துவிட்டு, "இதத் தூக்கிக்கிட்டு என்னால நடக்க முடியாது. நாளைக் கழிச்சு அங்க போங்க" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இது டைரிதானே, எழுதலாம்.

ஜூலை 21, திங்கள்

கடை திறந்ததும் ரோட்டைத் தாண்டிப் போனேன். ஏசுவடியான் நீலமுகுட் போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாகத் தெரிந்தது.

"வாங்க அண்ணாச்சி. சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டியளாமே. சந்தோசம்" என்றார். முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வேய், என் சரக்கையும் உம்ம சரக்குன்னு எதுக்குச் சொன்னீரு?"

அவர் வாஷர் டப்பா ஒன்றை எடுத்து மூடியைத் திருகித் திறந்தார், மறுபடி மூடினார்.

"கேட்டாவ. சொன்னேன்."

"அன்னைக்கு நான்..."

"நீங்க உள்ளதத்தான சொன்னிய. அதுல என்ன தப்பு."

"உமக்குக் கிடைக்க வேண்டியதுலா அது."

"எனக்கு எங்க கிடைக்கும் அண்ணாச்சி?" என்றார். டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பரீட்சையிலயே போயிட்டேன்லா. நாப்பது மார்க்கு. போனதுதான் போச்சு, ரெண்டு கடையும் எதுக்குப் போவணும்னுதான் அப்படிச் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல."

"நாப்பதா?"

"நாப்பதுதான். கேள்வியெல்லாம் பயங்கரக் கஷ்டம்."

அவர் உள்ளே பார்த்து ரெண்டு டீ சொன்னார். குடித்தோம். இனி பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வியாபாரம் பார்க்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். மகளுக்கு ஆவணியில் நிச்சயம் வைத்திருக்கிறார்களாம். காற்று சுவரில் சாய்த்திருந்த போர்டைத் தள்ளியது. நான் எழுந்து அதைப் பிடித்து மறுபடி சாய்த்துவைத்தேன்.

திரும்பி வந்ததும் வடிவு, "என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். நாற்பது மார்க் வாங்கிப் பரீட்சையிலேயே போய்விட்டாராம், அதனால் என்னால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லையாம் என்றேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. பிரணவ் சின்னப் பையன், யாருடைய மார்க்கையோ மாற்றிச் சொல்லியிருப்பான். ஏசுவடியானை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். அவர் பொய் சொல்ல மாட்டார்.